ரிலே அவுட்புட் மாட்யூல்: ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணியே வயரிங் செய்யுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஒரு பழைய பேனலில் பிஎல்சிக்கு (இயந்திரத்தைப் புரோகிராம்படி ஓட்டும் கண்ட்ரோலர்) 16 அவுட்புட் கொண்ட ரிலே மாட்யூலைப் புதிதாகப் பொருத்தப் போகிறீர்கள். எட்டு எட்டாக இரண்டு குழு, குழுவுக்கு ஒரு காமன், அதாவது எட்டுக்கும் பொதுவான சப்ளை டெர்மினல். ஓட்ட வேண்டியவை 230 வோல்ட் ஏசி காயில் உள்ள ஒன்பது காண்டாக்டர்கள் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பெரிய ரிலேக்கள்), 24 வோல்ட் டிசி சோலனாய்டு வால்வுகள் ஆறு. எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை பிஎல்சி இன்புட்டில் கொடுத்துவிட்டு மற்றதை புரோகிராம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறீர்கள். இந்த வயரிங் பாதுகாப்பானதா, வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

எமர்ஜென்சி ஸ்டாப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதை அப்படி விடாதீர்கள். காரணம் புரிய வேண்டுமென்றால் மாட்யூலுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரிலேயை (காயிலில் கரண்ட் பாய்ந்தால் காண்டாக்ட் முனைகளை மூடும் சுவிட்ச்) கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை அப்படிப்பட்ட ரிலேயின் மூடியை வெட்டித் திறந்து பார்த்தேன். இரண்டு காண்டாக்ட் முனைகள், ஒவ்வொன்றும் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரியது. ஒன்றில் நடுவே சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. எதிரே இருந்ததில் அதே இடத்தில் ஒரு மேடு. டிசி லோடைத் திறந்து மூடும்போது ஒவ்வொரு தடவையும் ஆர்க் எழும்பி, ஒரு முனையின் உலோகத்தைத் துளித்துளியாக இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. கடைசியில் மேடு பள்ளத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. காயிலுக்குச் சப்ளை நின்ற பிறகும் ஸ்பிரிங்கால் அதைப் பிரிக்க முடியவில்லை. ஏசியிலும், லோடு ஆன் ஆகும் நொடியில் பாயும் கரண்ட் அதிகமாக இருந்தால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நேராகவே நடந்தது. ஒரு ஸ்க்ரூ கன்வேயர். ஆபரேட்டர் ஸ்டாப் பட்டனை அழுத்தினார், மாட்யூலில் அவுட்புட் எல்இடி அணைந்தது, மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்தார், அப்போதும் நிற்கவில்லை. அந்தப் பட்டனும் உங்களுடையதைப் போலவே இன்புட்டுக்கு மட்டும் போயிருந்தது. பிஎல்சி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அவுட்புட்டை ஆஃப் செய்துவிட்டது. ஒட்டிப்போன காண்டாக்டுக்கு அது எப்படித் தெரியும்? ஓடிப்போய் மெயின் ஐசொலேட்டரைத் திருப்பித்தான் நிறுத்தினோம். அந்த நேரத்தில் கன்வேயருக்குள் யார் கையும் இல்லை. அன்றிலிருந்து எந்த வயரிங்கைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: இந்த காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

ஆகவே எமர்ஜென்சி ஸ்டாப் அவுட்புட்டுகளின் சப்ளையையே வெட்ட வேண்டும். பட்டனின் இரண்டு என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) காண்டாக்டுகளையும் ஒரு சேஃப்டி ரிலேக்குக் கொடுங்கள். காண்டாக்டர் காயில்களுக்கும் அபாயமான அசைவைத் தரும் வால்வுகளுக்கும் போகும் சப்ளை அந்த சேஃப்டி ரிலேயின் காண்டாக்டுகள் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிச் செய்தால் மாட்யூலுக்குள் எது ஒட்டிக்கொண்டாலும் பட்டனை அடித்ததும் காயிலுக்குக் கரண்ட் கிடைக்காது. சேஃப்டி ரிலேயில் உள்ளவை ஒன்றோடொன்று இயந்திரமாகப் பிணைக்கப்பட்ட காண்டாக்டுகள். ஒன்று ஒட்டிக்கொண்டால் அதன் எதிர்க் காண்டாக்ட் மூடாது, அதை வைத்து ரிலே தன் பழுதைத் தானே கண்டுபிடித்து அடுத்த ரீசெட்டை மறுத்துவிடும். உங்கள் மாட்யூலில் உள்ள ரிலேக்களுக்கு அந்த வசதி கிடையாது.

இன்னொரு படி இருக்கிறது. மோட்டார் காண்டாக்டரே ஒட்டிக்கொண்டால்? கை சிக்கக்கூடிய இயந்திரம் என்றால் இரண்டு காண்டாக்டர்களைத் தொடராகப் போட்டு, இரண்டின் என்சி துணைக் காண்டாக்டுகளையும் சேஃப்டி ரிலேயின் ரீசெட் பாதையில் இணைப்பார்கள். அந்தத் துணைக் காண்டாக்ட் மிரர் காண்டாக்ட் (மெயின் காண்டாக்ட் ஒட்டியிருந்தால் மூடாத) வகையா என்று பார்த்து வாங்குங்கள். எந்த இயந்திரத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு தேவை என்பதை அபாய மதிப்பீடு செய்துதான் முடிவெடுக்க வேண்டும், ஐஎஸ்ஓ 13849-1 அதற்கான வழிமுறை. பட்டனை இன்புட்டிலும் கொடுங்கள், தப்பில்லை. புரோகிராமுக்கு நிலைமை தெரிய வேண்டும். ஆனால் அது தகவலுக்கு மட்டும். ஃபார்வர்டு, ரிவர்ஸ் காண்டாக்டர்கள் இருந்தால் அதே கதைதான்: புரோகிராமில் இன்டர்லாக் இருந்தாலும் ஒன்றின் என்சியை மற்றதன் காயில் பாதையில் வயராகவே போடுங்கள். மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் கிடைத்தால் இன்னும் நல்லது.

சரி, இப்போது மாட்யூலுக்கு வருவோம். எட்டு அவுட்புட்டுக்கு ஒரு காமன் என்றால் ஒரு குழுவில் ஒரே சப்ளைதான் இருக்க முடியும். உங்களிடம் காண்டாக்டர்கள் ஒன்பது. எட்டு போக மீதி ஒன்று 24 வோல்ட் குழுவில்தான் போய் விழும், அங்கே அதற்கு இடமில்லை. இந்த ஒற்றை காண்டாக்டருக்காக யாராவது அவசரத்தில் காமனைப் பிரித்து லூப் அடித்தால், பேனலில் விபத்துக்கு அதுவே போதும். இரண்டு வோல்டேஜையும் ஒரே மாட்யூலில் பக்கத்துப் பக்கத்துக் குழுக்களில் போடலாமா என்பதும் மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். குழுக்களுக்கு நடுவே உள்ள இன்சுலேஷன் அதற்கேற்றதா என்று மேனுவலில் தெளிவாக எழுதியிருந்தால் ஒழியப் போடக் கூடாது.

என் பரிந்துரை: இந்த மாட்யூலுக்குள் 230 வோல்ட்டையே கொண்டுவராதீர்கள். 15 அவுட்புட்டையும் 24 வோல்ட் டிசியாக வைத்துக்கொண்டு, காண்டாக்டர்களுக்கு நடுவே சாக்கெட்டில் செருகும் இன்டர்போசிங் ரிலே ஒன்பது போடுங்கள். சாதாரண செருகு ரிலேயின் காயில் 24 வோல்ட்டில் சுமார் 40 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். மாட்யூல் காண்டாக்டுக்கு அது ஒரு சுமையே இல்லை. 10 வாட் சோலனாய்டு ஒன்றுக்கு 0.42 ஆம்பியர், ஆறுக்கு 2.5 ஆம்பியர். எல்லாம் சேர்த்தாலும் 3 ஆம்பியரைத் தாண்டாது. காண்டாக்டர்களால் வரும் தேய்வும் ஒட்டுவதும் இன்டர்போசிங் ரிலேயில்தான் நடக்கும். அது போனால் சப்ளையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்தில் பிடுங்கி வேறொன்றைச் செருகிவிடலாம். மாட்யூலில் ஒரு ரிலே போனால் மாட்யூலையே கழற்ற வேண்டும்.

அப்படியானால் டிரான்சிஸ்டர் மாட்யூலே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். இன்னும் மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள், 24 வோல்ட் டிசிக்கு அதுதான் பொருத்தம், தேயாது. ஆனால் டிரான்சிஸ்டரும் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகியே நிற்கும். எமர்ஜென்சி ஸ்டாப் பற்றி மேலே சொன்னது அதற்கும் அப்படியே பொருந்தும்.

காண்டாக்டின் கொள்ளளவைப் படிக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. '2 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி / 30 வோல்ட் டிசி' என்று போட்டிருக்கும். அது ஹீட்டர் போன்ற ரெசிஸ்டிவ் லோடுக்கான கணக்கு. காயில் என்றால் ஏசி-15, டிசி-13 என்ற பிரிவின் கீழ் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், அது குறைவாக இருக்கும். டிசியில் வோல்டேஜ் ஏறினால் இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் ஏசி ஒரு விநாடியில் 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் தானாக அணையும். டிசி பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. 30 வோல்ட் டிசியில் 2 ஆம்பியரை வெட்டும் அதே காண்டாக்ட், 110 அல்லது 125 வோல்ட் டிசியில் அதில் பத்தில் ஒரு பங்கையே வெட்ட முடியும் என்ற நிலைக்கு வந்துவிடும். காமனுக்கும் தனி வரம்பு இருக்கிறது. எட்டு அவுட்புட் தலா 2 ஆம்பியர், ஆகவே மொத்தம் 16 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள், காமனின் வரம்பு பல மாட்யூல்களில் 8 ஆம்பியர்தான்.

ஆன் ஆகும் நொடியின் கரண்டையும் பாருங்கள். ஏசி காண்டாக்டர் காயில், பிடித்துக்கொண்டிருக்கும்போது எடுப்பதைப் போல ஆறிலிருந்து பத்து மடங்கு வரை இழுக்கும்போது எடுக்கும். டங்ஸ்டன் பல்பு பத்து மடங்குக்கு மேல். எல்இடி விளக்கு, எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போன்றவற்றின் உள்ளே கெபாசிட்டர் இருப்பதால் அந்த நொடியில் பாய்வது இன்னும் அதிகம். '20 வாட் எல்இடிதானே' என்று நேராக மாட்டி, ஒரு வாரத்தில் காண்டாக்ட் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை தடவை ஆன் ஆகிறது என்பதும் முக்கியம். முழு லோடில் ஒரு ரிலே காண்டாக்டின் ஆயுள் பொதுவாக 1,00,000 தடவை என்ற அளவில் இருக்கும். ஹீட்டர் கட்டுப்பாட்டுக்காக 2 விநாடிக்கு ஒருமுறை அடித்தால் ஒரு நாளைக்கு 43,200 தடவை. மூன்றாவது நாளே அந்த ஆயுள் தீர்ந்துவிடும். லோடே இல்லாமல் வெறுமனே அடித்தாலும், ஒரு கோடி தடவை என்ற மெக்கானிக்கல் ஆயுள் எட்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேலைக்கு டிரான்சிஸ்டர் அவுட்புட்டும் சாலிட் ஸ்டேட் ரிலேயும்தான். நேர்மாறாக, மிகக் குறைந்த கரண்டும் தொல்லைதான். வேறொரு பிஎல்சியின் இன்புட்டுக்கு 5 மில்லிஆம்பியர் சிக்னல் கொடுக்க இந்தக் காண்டாக்டை வைத்தால் நாளடைவில் முனையில் படியும் படலத்தைத் துளைக்க அந்தக் கரண்ட் போதாமல் சிக்னல் விட்டுவிட்டு வரும். குறைந்தபட்ச லோடு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சர்ஜ். இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், ரிலேக்கள் சாவதும் பெரும்பாலும் இதனால்தான். 24 வோல்ட் சோலனாய்டின் கரண்டைத் திடீரென்று வெட்டினால் அதன் காயிலில் தேங்கிய ஆற்றல் பல நூறு வோல்ட்டாக எழும்பி காண்டாக்டின் இடைவெளியில் ஆர்க்காகப் பாயும். டிசி காயிலுக்கு இணையாக ஒரு 1என்4007 டையோடு போட்டால் போதும். டையோடில் வெள்ளைக் கோடு இருக்கும் முனை பிளஸ் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் அவுட்புட் ஆன் ஆன நொடியே நேர் ஷார்ட், பியூஸ் போகும் அல்லது காண்டாக்ட் ஒட்டும். டையோடு போட்ட காயில் விடுபட முன்பைவிட நேரம் எடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். சாதாரண வால்வுக்கு அது பெரிய விஷயமில்லை. பிரேக் அல்லது உடனே விடுபட வேண்டிய கிளாம்ப் என்றால் டையோடோடு ஜீனரும் சேர்த்துப் போடுங்கள், அல்லது வேரிஸ்டர் (வோல்டேஜ் எல்லை மீறினால் கடத்தும் பாகம்) வையுங்கள். ஏசி காயிலுக்கு டையோடு ஆகாது. 230 வோல்ட்டுக்கு ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராக), அல்லது 275 வோல்ட் ஏசி வேரிஸ்டர்.

எங்கே வைப்பது? லோடின் முனைகளிலேயே. சர்ஜ் பிறக்கும் இடத்தில் அடக்கினால் வயர் நெடுக அது பரவி மற்ற சிக்னல்களைக் கெடுக்காது. காண்டாக்டின் குறுக்கே ஸ்னப்பர் போடும் பழக்கமும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லிஆம்பியரை எப்போதும் கடத்திக்கொண்டே இருக்கும். காண்டாக்ட் திறந்திருந்தும் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். சின்ன ரிலே ஒன்று விடுபடாமலே நிற்கக்கூடும். அதைவிட, அவுட்புட் ஆஃப் என்று நம்பித் தொடுபவருக்கு ஷாக் அடிக்கலாம்.

பியூஸ் விஷயத்தில் சுருக்கமாக: மாட்யூலுக்குள் பியூஸ் இருக்கும் என்று எண்ணாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. சோலனாய்டு ஒவ்வொன்றுக்கும் பியூஸ் டெர்மினலில் 1 ஆம்பியர் போல ஒரு பியூஸ், காமனுக்குத் தனியாக ஒன்று. காமனில் மட்டும் 6 ஆம்பியர் எம்சிபி போட்டால், ஒரு சோலனாய்டு ஷார்ட் ஆகும்போது எம்சிபி ட்ரிப் ஆவதற்குள் 2 ஆம்பியர் காண்டாக்ட் ஒட்டிவிடும். தனித்தனிப் பியூஸ் இருந்தால் எந்த வால்வு பழுது என்பதும் உடனே தெரியும், ஒரு வால்வுக்காகக் குழு முழுவதும் நிற்காது.

வெட்டுவது எப்போதும் ஃபேஸ் (லைவ்) பக்கம், டிசியில் பிளஸ் பக்கம். காயிலின் ஏ2 முனை நேராக நியூட்ரலுக்கோ மைனஸுக்கோ போக வேண்டும், அந்தப் பக்கம் ஒரு காண்டாக்டும் வரக் கூடாது. கண்ட்ரோல் சப்ளையின் அந்த முனை எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மைனஸ் பக்கத்தை வெட்டும்படி வயரிங் செய்து, காயிலுக்கும் காண்டாக்டுக்கும் நடுவே உள்ள வயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால், எர்த் வழியாகச் சுற்று முழுமையாகிவிடும். யாரும் எதையும் அழுத்தாமல் மோட்டார் ஓடத் தொடங்கும். பிளஸ் பக்கம் வெட்டியிருந்தால் அதே பழுது பியூஸை எரித்துவிட்டு நின்றுவிடும். ஐஇசி 60204-1 இதைக் கேட்பதற்குக் காரணமும் இதுதான்.

பொருத்தும் வேலைக்கு முன் சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டுங்கள். டெஸ்டரை முதலில் உயிருள்ள ஒரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு தொடப்போகும் இடத்தில் பாருங்கள், மறுபடி உயிருள்ள இடத்தில் பாருங்கள். ரிலே மாட்யூலில் இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் அதன் காமனுக்கு வேறொரு பேனலிலிருந்து சப்ளை வந்துகொண்டிருக்கலாம். இந்தப் பேனலின் மெயினை நிறுத்தினாலும் அந்த டெர்மினல் உயிரோடுதான் இருக்கும். பழைய பேனல்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி வெளியிலிருந்து வரும் வயருக்கு ஆரஞ்சு நிறம் போடுவது வழக்கம், கூடவே ஒரு எச்சரிக்கைப் பலகையும் ஒட்டுங்கள்.

மாட்யூலை 35 மில்லிமீட்டர் டின் ரெயிலில், மேனுவல் காட்டும் திசையில், மேலும் கீழும் சொன்ன இடைவெளி விட்டு மாட்டுங்கள். பெரிய காண்டாக்டர்களுக்குப் பக்கத்தில் ஒரே ரெயிலில் வேண்டாம். அவை அடிக்கும் அதிர்வு குட்டி ரிலேக்களைச் சிலிர்க்க வைக்கும். வயர் முனைக்கு ஃபெருல் என்ற உலோகக் குழலைப் போட்டு கிரிம்ப் செய்யுங்கள். முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூவுக்குள் விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், சில மாதங்களில் ஸ்க்ரூ தளர்ந்து சூடாகும். முறுக்கும் அளவு எம்3 ஸ்க்ரூவுக்கு வழக்கமாக 0.5 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், மேனுவல் எண்ணை டார்க் ஸ்க்ரூ டிரைவரில் வைத்து முறுக்குங்கள். அவுட்புட் வயர்களை அனலாக் வயர்களோடு ஒரே டக்டில் போடாதீர்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்க விடுங்கள்.

இனி ஓட்டிப் பார்ப்பது. கேபிள்களை மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) வைத்துச் சோதிப்பதாக இருந்தால் மாட்யூலின் டெர்மினல் பிளாக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், 500 வோல்ட்டை மாட்யூலுக்குள் அனுப்பாதீர்கள். லோடு ஓடும்போது அந்தப் பிளாக்கைப் பிடுங்கவும் கூடாது, ஆர்க் அடிக்கும். முதலில் லோடு சப்ளை இல்லாமல் ஒவ்வொரு அவுட்புட்டாக ஃபோர்ஸ் செய்து (புரோகிராமை மீறி ஆன் செய்து) கிளிக் சத்தத்தையும் காண்டாக்டையும் மல்டிமீட்டரில் பாருங்கள். எல்இடி எரிகிறது என்பதை நம்பிவிட வேண்டாம். அது கட்டளையைத்தான் காட்டும், காண்டாக்டைக் காட்டாது. பல மாட்யூல்களில் ரிலே காயிலுக்குத் தனியாக 24 வோல்ட் கொடுக்க வேண்டும். அது வராவிட்டால் எல்இடி எரியும், ரிலே அசையாது. பிஎல்சி ஸ்டாப் ஆனால் அவுட்புட்டுகள் ஆஃப் ஆகின்றனவா, பழைய நிலையிலேயே நிற்கின்றனவா என்று செட்டிங்கில் பார்த்துவிட்டு, உண்மையிலேயே ஸ்டாப் செய்தும் பாருங்கள். சப்ளை போய்த் திரும்பி வந்தால் எதுவும் தானாகக் கிளம்பக் கூடாது.

கடைசிச் சோதனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இயந்திரத்தின் மூடிகளை மாட்டி, அருகில் யாரும் இல்லை என்று உறுதி செய்து, மெயின் ஐசொலேட்டர் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். சப்ளையை நிறுத்திவிட்டு, ஒரு காண்டாக்டரின் இன்டர்போசிங் ரிலேயை ஓட்டும் அவுட்புட்டில், காமனுக்கும் அவுட்புட் டெர்மினலுக்கும் நடுவே ஒரு ஜம்பர் வயர் போடுங்கள். இப்போது உங்கள் மாட்யூலில் அந்த காண்டாக்ட் ஒட்டிப்போயிருக்கிறது என்று அர்த்தம். சப்ளை கொடுத்து, மோட்டார் ஓடும்போது எமர்ஜென்சி ஸ்டாப்பை அடியுங்கள். மோட்டார் நின்றால், சப்ளையை நிறுத்திவிட்டு அதே ஜம்பரை இன்டர்போசிங் ரிலேயின் சாக்கெட்டுக்கு மாற்றி மறுபடி அடியுங்கள். இரண்டு முறையும் நின்றால் சப்ளையை நிறுத்தி ஜம்பரைக் கழற்றிவிட்டு அடுத்த மோட்டாருக்குப் போகலாம். நிற்காவிட்டால் ஐசொலேட்டரைத் திருப்பிவிட்டு, ஜம்பரைக் கழற்றி, சேஃப்டி ரிலேயிலிருந்து அந்தக் காயில் வரை சப்ளை எந்த வழியாக வருகிறது என்று வயர் வயராகத் தேடுங்கள்.